ஹேதுவாக் குளக்கரைக் கலாசாலை

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்கள் நமக்கு மனப்பாடம். முதல் நாள் காளிகாட். மறுநாள் தட்சிணேசுவரமும் பேலூர் மடமும். மூன்றாம் நாள் விக்டோரியா மண்டபமும், வங்காளிகள் 'ஜாதுகர்' என்று வழங்கும் பொருட்காட்சிச் சாலையும். நான்காம் நாள் லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் நம் ஊர்க் காப்பித்தூளும் குறைவின்றிக் கிடைப்பதைக் காட்டி அவர்களை வியக்க வைத்துவிட்டு, ஹௌராவில் ரயில் ஏற்றி அனுப்பிவிடுவோம். நகரின் வடபாகம் நம்மில் பலருக்கு இன்றும் அயலூர்தான்.

அந்த வடபாகத்திற்கு ஒரு முறை சென்று வருவோம், வாருங்கள். காளிகாட்டில் மெட்ரோ ரயில் ஏறிக் கிரீஷ் பார்க்கில் இறங்கி, விவேகானந்தர் பெயரால் அமைந்த சாலை வழியே கிழக்கே நடந்தால், அவர் பிறந்த இல்லத்தின் அருகே விதான் சரணி குறுக்கிடும். முன்பு அதற்குக் கார்ன்வாலிஸ் தெரு என்று பெயர். அங்கிருந்து வடக்கே திரும்பிச் சிறிது தூரம் சென்றால் ஒரு பெரிய குளமும் அதைச் சுற்றிப் பூங்காவும் தென்படும். பையன்கள் நீந்திக்கொண்டிருப்பார்கள். அதுவே ஹேதுவா. அதன் எதிரே, தூண்கள் தாங்கி நிற்கும் பழமையான கட்டடம் ஒன்று உண்டு. பெத்யூன் கலாசாலை என்பது அதன் பெயர். வழி கேட்கும்போது மட்டும் 'பேதூன்' என்று கேளுங்கள். பெத்யூன் என்றால் அங்கே ரிக்ஷாக்காரருக்கு விளங்காது.

இக்கட்டுரை எழுத நேர்ந்ததன் காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் சங்கத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பவள், அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கென்று எழுந்த கலாசாலைகளைப் பற்றிப் படித்துவிட்டு நம்மிடம் வந்தாள். 'வேறெங்கும் சேர்த்துக்கொள்ளாதவர்களுக்காகவே தோன்றிய கலாசாலை நம் கல்கத்தாவில் ஏதேனும் உண்டா?' என்று கேட்டாள். நகரின் பெயர் 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா ஆகிவிட்டது. ஆயினும் அவள் வீட்டாரைப் போலவே அவளுக்கும் இது கல்கத்தாதான். கேள்வி நல்ல கேள்வி. உடனே விடை கூற இயலாமல் ஒரு வாரத் தவணை கேட்டுக்கொண்டோம்.

அமெரிக்கக் கலாசாலைகளின் வரலாறு சுருக்கமாக இதுதான். உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அதற்கு முன் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே சட்ட விரோதம். போர் ஓய்ந்ததும் விடுதலை பெற்றவர்கள் முதலில் நாடியவற்றுள் ஒன்று கல்வி. நாஷ்வில்லில் 1866-இல் பிஸ்க் கலாசாலையும், வாஷிங்டனில் 1867-இல் ஹவர்டு பல்கலைக்கழகமும் தோன்றின. அட்லாண்டாவில் 1881-இல் ஒரு மாதா கோயிலின் நிலவறையில் 11 மாணவிகளோடு தொடங்கிய பெண் பள்ளியே பின்னர் ஸ்பெல்மன் கலாசாலை எனப் பெயர் பெற்றது. ஹவர்டு பல்கலைக்கழகத்து ஆசிரியராகிய ஹவர்டு தர்மன் தம் மனைவியாரோடு 1935-36-இல் நம் நாட்டிற்கும் இலங்கைக்கும் வந்து, காந்தியடிகளையும் கவி தாகூரையும் கண்டு உரையாடிச் சென்றார். அக்கலாசாலைகளுக்கும் நமக்கும் இடையே அத்தகைய தொடர்பு உண்டு.

அடிமைச் சந்தையில் விற்கப்பட்ட மக்களின் துயரமும், அந்தப்புரத்தில் அடைபட்டிருந்த பெண்களின் நிலையும் ஒன்றே என்று நாம் கூறமாட்டோம். கூறினால் அது இரண்டுக்கும் நியாயம் ஆகாது. ஆனால் 'இவர்களுக்குக் கற்பிப்பது வீண், கேடும் ஆகும்' என்று ஊர் முழுதும் ஒரே குரலில் சொல்ல, ஒரு சிலர் மட்டும் மறுத்து ஓர் அறையைத் திறந்து வைத்தார்கள் என்ற அளவில் இரண்டு கதைகளும் அண்டை வீட்டுக் கதைகளே. ஆகவே அந்தப் பெண்ணுக்கு நாம் கண்ட விடை ஹேதுவாக் குளக்கரையில் இருக்கிறது.

ஜான் எலியட் டிரிங்க்வாட்டர் பெத்யூன் என்ற ஆங்கிலேயர் 1848-இல் கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபையில் சட்ட அங்கத்தினராகக் கல்கத்தாவிற்கு வந்தார். கல்விச் சபையின் தலைமையும் அவரிடம் இருந்தது. பெண்களுக்கென்று பாதிரிமார் நடத்திய பள்ளிகள் இந்நகரில் முன்பே உண்டு. அவற்றில் பயின்றவர்கள் பெரும்பாலும் ஏழைக் குழந்தைகள்; வசதியுள்ள இந்துக் குடும்பத்தார் மதமாற்றத்திற்கு அஞ்சி எட்டியே நின்றனர். கல்கத்தாவிற்கு அருகே பாராசாத்தில் 1847-இல் வங்காளிகள் சிலர் தாமே ஒரு பெண் பள்ளியைத் தொடங்கி, ஊராரின் வசைகளைத் தாங்கிக்கொண்டு நடத்தி வந்தனர். பெத்யூன் அதையும் சென்று பார்த்தார். முதல் முயற்சி வங்காளிகளுடையது என்பதை அவரைப் புகழ்பவர்கள் சில வேளை மறந்துவிடுகிறார்கள்.

1849-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள், சுக்கியாஸ் தெருவில் தட்சிணாரஞ்சன் முகர்ஜியின் வீட்டுக் கூடத்தில் 21 சிறுமிகளோடு பள்ளி தொடங்கிற்று. சம்பளம் இல்லை. மதபோதனை இல்லை. தாய்மொழியாகிய வங்காளியே பாடமொழி. பெற்றோர் விரும்பினால் மட்டும் ஆங்கிலம். தையலும் பூவேலையும் உண்டு. செலவில் பெரும்பகுதியைப் பெத்யூன் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்து வந்தார். சம்ஸ்கிருதக் கலாசாலைப் பண்டிதர் மதன்மோகன் தர்க்காலங்கார் தம் புதல்விகள் புவனமாலா, குந்தமாலா இருவரையும் முதல் நாளே அனுப்பினார். அதோடு நில்லாமல் ஊதியம் பெறாமல் தாமே பாடமும் சொன்னார். சிறுமிகளுக்காக 'சிசு சிட்சா' என்ற அரிச்சுவடியும் எழுதினார். பண்டிதர் அதற்காகத் தம் சொந்தக் கிராமத்தில் சாதி விலக்குக்கு ஆளானார். மற்றவர்களின் வீடுகளிலும் இதே மிரட்டல்தான். சில நாட்களுக்குள் மாணவிகளின் தொகை மிகவும் குறைந்து, பிறகு மெல்ல மெல்லத்தான் ஏறிற்று. 1851-இல் தேவேந்திரநாத் தாகூர் தம் மகள் சௌதாமினியை அனுப்பியபோது தயங்கிக்கொண்டிருந்த வேறு சிலருக்கும் துணிவு பிறந்தது.

சிறுமிகள் தெருவில் நடந்து செல்வது வழக்கத்தில் இல்லாததால் பள்ளியே குதிரை வண்டி அனுப்பிற்று. பெண்மக்களையும் கருத்தோடு வளர்த்துக் கற்பிக்க வேண்டும் என்னும் பொருளுடைய சம்ஸ்கிருத வாக்கியம் ஒன்று அவ்வண்டியின் பக்கப் பலகைகளில் எழுதப்பட்டிருந்தது. எழுதச் செய்தவர் ஈசுவர சந்திர வித்யாசாகர்; 1850 இறுதி முதல் பள்ளியின் கௌரவக் காரியதரிசி அவரே. சாஸ்திரத்தைக் காட்டி எதிர்ப்பவர்களுக்குச் சாஸ்திரத்தாலேயே விடை சொல்லும் சாமர்த்தியம் அவருக்கு இயல்பு. விதவா விவாகத்திற்கும் அவர் அந்த உபாயத்தையே கையாண்டார். வண்டி தெருத்தெருவாகப் போகும்போது அந்தப் பலகை பேசாமலே பிரசாரம் செய்தது.

இவ்விடத்தில் நம் சென்னையைத் தொட்டு ஒரு செய்தி. வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் 1848 முதல் 1856 வரை சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வாழ்ந்தவர். அங்கே 1849-இல் அவர் அச்சிட்ட ஆங்கிலக் காவியத்தின் பிரதி ஒன்று பெத்யூனுக்கு வந்தது. 'இவ்வளவு ஆற்றல் உள்ளவர் தம் தாய்மொழியில் எழுதட்டும்' என்ற கருத்தில் அவர் கவிஞரின் நண்பருக்குக் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் மதுசூதனர் வங்காளியில் எழுதிப் பெற்ற புகழை நாம் சொல்லத் தேவையில்லை. பெண்களுக்குத் தாய்மொழியில் கற்பித்தவரும் இந்தக் கடிதம் எழுதியவரும் ஒருவரே என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

பெத்யூன் இந்நாட்டில் வாழ்ந்த காலம் குறுகியது. ஹேதுவாவின் எதிரே புதுக் கட்டடத்திற்கு 1850 நவம்பரில் அஸ்திவாரம் இட்டார்கள். பள்ளி அங்கே குடிபுகுமுன், 1851 ஆகஸ்டு 12-ஆம் நாள் அவர் காலமானார். தம் கல்கத்தாச் சொத்துக்களைப் பள்ளிக்கு எழுதி வைத்திருந்தார். பிறகு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி தம் சொந்தப் பணத்தால் 1856 வரை நடத்தி வர, அதன் பின் சர்க்கார் ஏற்றுக்கொண்டது.

இதுவரை சொன்னது புகழ்ச்சியான பகுதி. இனிச் சொல்வது அத்தனை இனிப்பானதன்று. இந்தப் பள்ளியின் கதவு எல்லாப் பெண்களுக்கும் திறந்திருக்கவில்லை. நற்குலத்து இந்துப் பெண்களுக்கு மட்டுமே இடம் என்பது விதி. கிறிஸ்தவப் பெண்ணுக்கு இடமில்லை; முஸ்லிம் பெண்ணுக்கு இடமில்லை; தாழ்ந்த சாதி எனப்பட்டவர்களின் வீட்டுப் பெண்ணுக்கும் இடமில்லை. அந்நாளில் அவ்விதி இல்லாவிடில் பள்ளியே நடந்திராது என்று வாதிப்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் விலக்கப்பட்டவர்களுக்கென்று எழுந்த ஒரு ஸ்தாபனம் தானும் சிலரை விலக்கி வைத்துத்தான் தொடங்கிற்று என்பதை மறைப்பதற்கில்லை. அந்த விதியால் அடிபட்ட ஒரு பெண்ணே பின்னாளில் அங்கே தலைவியாக வந்து அமர்ந்தார்.

அவர் சந்திரமுகி பாசு. தேராதூனில் வாழ்ந்த வங்கக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை 1876-இல் அவர் எழுதினார். பெண் ஒருத்தி தேர்வு எழுதலாமா என்பதே முடிவாகாத காலம். எழுத மட்டும் அனுமதித்தார்கள். அவர் தேறினார். ஆயினும் தேறியவர்களின் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை! பெண்களையும் முறையாகத் தேர்வுக்கு ஏற்பது என்று பல்கலைக்கழகம் 1878-இல்தான் தீர்மானித்தது.

அதே 1878-இல், பிரம்ம சமாஜத்துச் சீர்திருத்தக்காரர்களான துவாரகாநாத் கங்குலி, துர்காமோகன் தாஸ், ஆனந்தமோகன் போஸ் முதலியோர் நடத்தி வந்த வங்க மகிளா வித்யாலயம் பெத்யூன் பள்ளியோடு இணைந்தது. அங்கிருந்து வந்த காதம்பினி பாசு அவ்வாண்டு நுழைவுத் தேர்வில் தேறினார்; ஒரே ஒரு மதிப்பெண் குறைந்ததால் முதல் வகுப்புத் தவறிற்று. மேலே படிக்க வேண்டும் என்றார். பெண்ணைச் சேர்க்கும் கலாசாலையோ வங்கத்தில் எங்கும் இல்லை. ஆகவே 1879-இல் பெத்யூன் பள்ளியிலேயே கலாசாலை வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். மாணவி ஒருத்தி, அவருக்குப் பாடம் சொல்ல ஒரு விரிவுரையாளர். ஒரு பெண்ணுக்காகச் சர்க்கார் ஒரு கலாசாலையைத் திறந்தது என்று எதிர்ப்பவர்கள் எள்ளி நகையாடியிருப்பார்கள். அந்த ஒரு பெண்ணின் வகுப்பே இந்நாட்டுப் பெண் கலாசாலைகளுக்கெல்லாம் மூத்தது.

சந்திரமுகி கிறிஸ்தவர் என்ற காரணத்தால் அங்கே சேர முடியாமல், பாதிரிமாரின் பள்ளியில் பயின்று எப்.ஏ. தேறினார். அதன் பின்னரே விதி தளர்ந்து, கலாசாலை வகுப்புகளில் இந்து அல்லாதவர்களுக்கும் இடம் கிடைத்தது. காதம்பினியும் சந்திரமுகியும் ஒருங்கே பயின்று 1883-இல் பி.ஏ. பட்டம் பெற்றார்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதற்பெண் பட்டதாரிகள் இவ்விருவரே. ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் அளித்தது 1920-இல்; கேம்பிரிட்ஜ் முழு உரிமையுடன் அளித்தது 1948-இல். ஆள வந்தவர்களின் நாட்டுப் பெரிய பல்கலைக்கழகங்கள் இந்த வகையில் நமக்குப் பிந்தியவையே.

சந்திரமுகி 1884-இல் எம்.ஏ. தேறியபோது வித்யாசாகர் ஷேக்ஸ்பியரின் நூல்களை அவருக்குப் பரிசாக அனுப்பினார். பின் பெத்யூனில் ஆசிரியையாகச் சேர்ந்து, 1888-இல் கலாசாலையின் தலைவியானார். எந்தக் கதவு அவருக்கு மூடப்பட்டதோ அந்தக் கதவின் சாவி அவர் கையிலேயே வந்து சேர்ந்தது.

மருத்துவப் படிப்பின் கதையில் மறுபடியும் சென்னை வருகிறது. துர்காமோகன் தாஸின் புதல்வி அபலா, பெத்யூனில் பயின்று நுழைவுத் தேர்வில் தேறியவர், மருத்துவம் கற்க விரும்பினார். கல்கத்தா மருத்துவக் கலாசாலை பெண்களை ஏற்கவில்லை. சென்னை மருத்துவக் கலாசாலையோ 1875-இலேயே மேரி ஷார்லீப் முதலிய நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஆகவே 1882-இல் வங்க சர்க்காரின் உபகாரச் சம்பளத்தோடு அபலா தாஸ் சென்னைக்குப் புறப்பட்டார். இன்று நாம் பிழைப்பின் பொருட்டுத் தெற்கிலிருந்து வடக்கே வருகிறோம். அன்று ஒரு வங்கப் பெண் படிப்பின் பொருட்டு வடக்கிலிருந்து தெற்கே போனார். மொழி தெரியாத ஊர், புளியும் மிளகாயும் மிகுந்த சாப்பாடு, மாதக்கணக்கில் சொந்த முகம் காணாத வாழ்க்கை. இவை எப்படி இருந்திருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டுமா? உடல்நலக் குறைவால் அவர் படிப்பை முடிக்கக் கூடவில்லை. பின்னர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸை மணந்து, 1919-இல் நாரீ சிட்சா சமிதியை நிறுவிக் கிராமப் பெண்களின் கல்விக்காக நெடுங்காலம் உழைத்தார்.

சென்னை செய்வதைக் கல்கத்தா செய்யவில்லையே என்ற வெட்கமும் ஒரு காரணமாக, இங்குள்ள மருத்துவக் கலாசாலை 1883-இல் காதம்பினியைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டே அவர் துவாரகாநாத் கங்குலியை மணந்தார். 1886-இல் படிப்பை முடித்தார். ஒரு பாடத்தில் தேர்ச்சி கிட்டாததால் எம்.பி. பட்டம் கிடைக்கவில்லை, மருத்துவம் செய்ய உரிமை தரும் சான்றிதழ் மட்டும் கிடைத்தது. 1891-இல் வாரப் பத்திரிகை ஒன்று அவருடைய ஒழுக்கத்தையே பழித்து எழுதிற்று. இரவு நேரத்தில் நோயாளிகளின் வீட்டிற்குச் செல்லும் பெண் என்பது ஒன்றே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. கணவனும் மனைவியும் வாயை மூடிக்கொண்டு இராமல் நீதிமன்றம் ஏறினார்கள். பத்திரிகை ஆசிரியருக்கு 6 மாதச் சிறையும் 100 ரூபாய் அபராதமும் கிடைத்தன. இரண்டாண்டுகளுக்குப் பின் காதம்பினி இங்கிலாந்து சென்று, எடின்பரோ முதலிய இடங்களின் மருத்துவச் சான்றிதழ்களையும் பெற்று மீண்டார். 1923 அக்டோபர் 3-ஆம் நாள் அவர் இறந்தார். இறந்த அன்றும் ஒரு நோயாளிக்குச் சிகிச்சை செய்துவிட்டே வீடு திரும்பியிருந்தார்.

வண்டியில் வந்து வண்டியில் போன சிறுமிகளின் பள்ளி, அடுத்த தலைமுறையில் கவிஞர்களும் பேச்சாளர்களும் உலவும் கலாசாலையாயிற்று. காமினி சென், பிற்காலத்தில் காமினி ராய் எனப் புகழ் பெற்ற கவிஞர், 1886-இல் சம்ஸ்கிருதத்தில் சிறப்புப் பட்டம் பெற்று அங்கேயே ஆசிரியையானார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று வங்கத்தில் 1921-இல் போராடியவர்களுள் அவரும் ஒருவர். வங்கச் சட்டசபை அப்போது மறுத்துவிட்டது. அதே 1921-இல் நம் சென்னைச் சட்டசபை வழங்கிவிட்டது. இத்தகைய செய்திகளை வங்க நண்பர்களிடம் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்! தாகூரின் சகோதரி மகள் சரளாதேவி 1890-இல் பட்டம் பெற்று, பின்னர் வீட்டாரின் தயக்கத்தை மீறி, மைசூர் மகாராணி பள்ளியில் ஆசிரியையாகச் சில காலம் பணி செய்தார். அவரும் தென்னாட்டுச் சாப்பாடு உண்டவர்தாம்.

இருபதாம் நூற்றாண்டில் மாணவிகள் விடுதியில் கிழக்கு வங்கத்துப் பெண்கள் நிறைந்தார்கள். சிட்டகாங், டாக்கா முதலிய இடங்களிலிருந்து ரயிலும் படகும் ஏறி வந்தவர்கள். கல்கத்தா அவர்களுக்கும் அயலூரே. லீலா நாக் 1921-இல் ஆங்கிலப் பாடத்தில் பெண்களுள் முதல்வராகத் தேறிப் பத்மாவதி தங்கப் பதக்கம் பெற்றார். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் மாணவியும் அவரே. சைமன் கமிஷன் வந்த 1928-இல் பெத்யூன் மாணவிகள் வகுப்புக்களைப் பகிஷ்கரித்தார்கள். அவ்வாண்டே தோன்றிய சாத்ரீ சங்கம் என்னும் மாணவியர் சங்கத்தில் சிலம்பமும் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். சிட்டகாங்கிலிருந்து வந்த கல்பனா தத்தர் விஞ்ஞான மாணவி. பிரீதிலதா வத்தேதார் தத்துவ மாணவி. இருவரும் சூரியசேனரின் புரட்சி இயக்கத்தில் சேர்ந்தனர். 1932 செப்டம்பர் 24-ஆம் நாள் பஹார்தலியில் ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய பிரீதிலதா, பிடிபடாமல் நஞ்சுண்டு மாண்டார். வயது 21. அதே ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், பெத்யூனில் பட்டப் படிப்பு முடித்திருந்த பீனா தாஸ், பட்டமளிப்பு விழாவில் கவர்னர் ஸ்டான்லி ஜாக்ஸனை நோக்கிச் சுட்டார், குறி தப்பியது, சிறை சென்றார். அவ்விருவருக்கும் உரிய பட்டங்களை அன்றைய ஆட்சி நிறுத்தி வைத்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 2012-இல் அவற்றை வழங்கிற்று. எண்பது ஆண்டுத் தாமதம்!

மூடியிருந்த மற்றக் கதவு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். அது திறக்க வெகு காலம் பிடித்தது. முஸ்லிம் பெண்களுக்கென்று ரொக்கேயா அம்மையார் 1911-இல் இந்நகரில் தனியாகவே ஒரு பள்ளி நடத்த வேண்டியிருந்தது. பசிலதுன்னெசா என்னும் முஸ்லிம் மாணவி பெத்யூனில் பயின்று 1925-இல் பி.ஏ. தேறினார். பின்னர் டாக்காவில் கணிதத்தில் எம்.ஏ. முதல் வகுப்பில் முதலாவதாகத் தேறி, பெத்யூனுக்கே திரும்பி வந்து கணிதம் போதித்தார். சந்திரமுகிக்கு நேர்ந்தது போன்றே இதுவும். வெளியே நிற்கவைத்த கலாசாலையில் ஆசிரியராய்த் திரும்பி வருவது அங்கே ஒரு வழக்கமாகவே போயிற்று போலும்.

கலாசாலை இன்றும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சர்க்கார் பெண் கலாசாலையாக நடைபெறுகிறது. பள்ளியும் அருகிலேயே உண்டு.

இவ்வளவும் திரட்டிக்கொண்டு, கேள்வி கேட்ட பெண்ணின் வீட்டிற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சென்றோம். கூடத்தில் அவளுடைய பாட்டியாரும் இருந்தார். நாம் பெத்யூன் என்று சொன்னதும் அவர் கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, 'அந்தக் காலேஜா? எனக்குத் தெரியுமே' என்றார். நமக்கு வியப்பு.

1961-இல் பாட்டியார் பள்ளியிறுதித் தேர்வில் நல்ல முறையில் தேறியிருக்கிறார். உடன் படித்த வங்காளிப் பெண்கள் இருவர் பெத்யூனில் சேர்ந்தார்கள், இவருக்கும் ஆசை. தகப்பனார் டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. பாதி மனம் இசைந்திருந்தார். அதற்குள் கும்பகோணத்திலிருந்து மாமா கடிதம் எழுதினார்: கல்யாண வயதில் உள்ள பெண்ணை ஊர் தெரியாத ஊரில், பாஷை தெரியாத ஜனங்களோடு டிராமில் அனுப்பலாமா, நாளைக்கு வரன் தேடும்போது என்ன பதில் சொல்வது, என்று. கடிதத்திற்கு மறுப்புச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. பக்கத்துத் தெருவில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். மறு வருஷம் விவாகம். 'டைப் அடிக்கக் கற்றதும் வீண் போகவில்லை; பிற்பாடு இருபது வருஷம் உத்தியோகம் பார்த்தேன்' என்றார் அவர். குறைபட்டுக்கொள்ளும் குரலில் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு வங்காளிப் பெண்களின் பெயரை முழுப் பெயராக, எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்பது வரை, அவர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்.

இத்தகைய கடிதங்கள் நம் வீடுகள் பலவற்றிற்கும் வந்திருக்கும். எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை என்பதும் உண்மை. மதன்மோகன் பண்டிதரின் கிராமத்தாரும் கெட்ட எண்ணத்தோடு அவரை விலக்கியிருக்கமாட்டார்கள்.

பெண்ணின் தகப்பனார் அதுவரை பேசாதிருந்தவர், 'படிப்பைப் பற்றி நமக்கு ஆட்சேபணை இல்லை, ஸார். தூரத்தைத்தான் யோசிக்கிறேன். வடக்குக் கல்கத்தா ஆயிற்றே' என்றார்.

காளிகாட்டிலிருந்து கிரீஷ் பார்க்குக்கு மெட்ரோ ரயிலில் சுமார் இருபது நிமிஷம் என்று சொன்னோம். நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பாட்டியார் கேட்டார். தமக்கு முழங்கால் வலி இருக்கிறதாம். ஆனாலும் விண்ணப்பம் வாங்கப் போகும் நாளில் தாமும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.